விறைப்பு

"காலெல்லாம் விறைப்பு, தம்பி" என்று அந்த மூதாட்டியார் கூறினார். அவருக்குப் பல்லாண்டுகளாக நீரிழிவு. அருகில் நின்ற மாணவன் கொழும்பிலே வளர்ந்தவன். அகராதிப் பொருளையே கொண்டு, 'தசை இறுக்கம்' என்று ஆங்கிலத்திற் குறித்துக்கொண்டான். யாழ்ப்பாணத்தாருக்கோ விறைப்பு என்பது உணர்ச்சி மரத்துப் போதல். பல் பிடுங்குமுன் போடுவதும் விறைப்பூசி அல்லவா? இரண்டு நாள் கழித்து நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தபொழுது, ஆணி குத்திய புண் சீழ்பிடித்திருந்தது. ஆணி குத்தியதையே அவர் அறியவில்லை. ஒரு விரலை எடுக்க நேர்ந்தது.

பிழை மாணவனுடையதன்று. அச்சொல்லை நாம் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

அதன் பின்னர் இரண்டாண்டுகள் நோயாளர் வழங்கும் சொற்களைத் திரட்டினேன். உளைவு, குத்து, கடுப்பு, எரிவு எல்லாம் எங்கள் குறிப்பேடுகளில் ஒரே ஆங்கிலச் சொல்லாய் முடிந்திருந்தன. வேறுபாட்டை எனக்கு விளக்கியவர் பேராசிரியர் எவருமல்லர். விடுதியிலே கூட்டித் துடைக்கும் சிற்றூழியப் பெண்மணி ஒருவர். இவற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை எழுதி, வைத்தியக் கல்வி பற்றிய மேல்நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். "இஃது ஓர் ஊரின் வழக்கு, பிறருக்கு இதனாற் பயன் யாது?" என்ற கருத்துடன் அது திரும்பி வந்தது. அதே சஞ்சிகையில் அமெரிக்க நகரமொன்றின் ஒரேயொரு கல்லூரியைப் பற்றிய கட்டுரை இருந்தது. அதன் தலைப்பில் ஊர்ப்பெயரே இல்லை! அவர்கள் ஊர் உலகம், நம்முடையது ஊர்.

மனம் சலித்திருந்த வேளையில் டாக்டர் சாமுவேல் கிறீனை நினைத்துக்கொண்டேன். அவரும் அமெரிக்கரே. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்தவர். 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது அவருடைய முயற்சியினாலேயே. கற்பிக்க வந்தவர், முதலில் நம் சொற்களைக் கற்றார். நாமோ பட்டம் பெற்றதும் அவற்றை மறந்தோம். சஞ்சிகைக்காரரை மட்டும் நோவானேன்?

கட்டுரையைத் திருத்தி, சென்ற மாதம் வேறொரு சஞ்சிகைக்கு அனுப்பியுள்ளேன். தலைப்பிலிருந்து யாழ்ப்பாணத்தை நீக்கினால் ஏற்றுக்கொள்வர் என்று நண்பரொருவர் யோசனை கூறினார். நான் நீக்கவில்லை. அப்பெண்மணியின் பெயரையும் ஆசிரியர் வரிசையிற் சேர்த்திருக்கிறேன். "எனக்கேன் ஐயா, அதெல்லாம்?" என்று அவர் கூச்சப்பட்டார். மறுமொழி இன்னும் வரவில்லை.