கம்பெனிப் பெட்டியில் வராத ரேடியேட்டர்

2008இல் யமஹா ஆர்15 வந்தபோது, 150 சிசி பைக்கில் ரேடியேட்டர் இருப்பதே நம் ஊருக்குப் புதுசு. 2012இல் பல்சர் 200 என்எஸ், கேடிஎம் டியூக் 200 இரண்டும் வந்த பிறகு, கல்லூரி வாசலெங்கும் லிக்விட் கூல்டு வண்டிகள் நின்றன. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும் ரேடியேட்டர்தான் முதலில் அடிவாங்கும்.

என் 200 சிசி வண்டிக்கும் அதுதான் நடந்தது. நெடுஞ்சாலையில் லாரி டயர் தெறித்துவிட்ட ஒரு கல், அதன் கோரின், அதாவது மெல்லிய குழாய்களும் ஃபின் தகடுகளும் அடுக்கிய பகுதியின், நடுவில் ஓட்டை போட்டுவிட்டது. கம்பெனிப் பாகத்துக்கு ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டில், அதே மாடலுக்கென்று வெளியார் தயாரித்த ரேடியேட்டர் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்தது. வாங்கிவந்து, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனோடு உட்கார்ந்து மாட்டினேன். பணத்தில் மிச்சமானதைக் கவனத்தில் கட்டியாக வேண்டும் என்பது அன்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்தக் கவனம் வீண் செலவல்ல என்பதும் புரிந்தது.

ஓட்டையை அடைத்திருக்கலாமே என்று கேட்கலாம். பழைய அம்பாசடர், லாரி ரேடியேட்டர்களெல்லாம் செம்பும் பித்தளையும். ஒழுகினால் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள். செம்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்தும். ஆனால் எடை மூன்று மடங்குக்கும் மேல். பைக்குக்கு அது ஆகாது. அலுமினியமோ காற்றுப் பட்டதுமே மேலே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும், சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. காகிதம்போல மெலிந்த அந்தக் குழாய்களை வெல்டிங் செய்வதும் எளிதல்ல. அதனால் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் முழுசாக மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. நியாயமான விலையில் மாற்றுப் பாகம் கிடைக்காவிட்டால், ஒரு கல்லுக்காக நல்ல வண்டி காயலான் கடைக்குப் போகும்.

பழையதையும் புதியதையும் சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஹோஸ் மாட்டும் கழுத்துகள் சரியாக இருந்தன. புதியதன் கோர் கொஞ்சம் தடிமன். தடிமன் கூடினால் நல்லதுதானே என்று உடனே தோன்றும். ஆனால் பள்ளத்தில் ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது முன்சக்கரம் எவ்வளவு பின்னால் வரும், ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் எது எதில் உரசும் என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. ஃபின்களும் நெருக்கமாக இருந்தால் மழைக்காலச் சேறு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் பார்த்த பிறகே மேலே போனோம்.

ஒரு போல்ட் ஓட்டை மட்டும் மயிரிழை தள்ளி இருந்தது. நான் பிராக்கெட்டைப் பிடித்ததைப் பார்த்து அண்ணன் சொன்னார்: “வளைக்காதீங்க தம்பி. இழுத்துப் பிடிச்சு மாட்டினா, வண்டி அதிர்ற அதிர்வுக்கு வெல்டிங் விட்டுடும்.” உருட்டு அரத்தால் ஓட்டையைக் கொஞ்சம் நீட்டினோம். பழைய ரப்பர் புஷ்களையும் அவற்றுக்குள் இருக்கும் இரும்பு காலர்களையும் எடுத்து இதில் போட்டோம். ரேடியேட்டர் சட்டத்தில் இறுகக் கூடாது. ரப்பரில் மிதக்க வேண்டும்.

அடுத்தது கேப். பார்க்க மூடிதான், உண்மையில் அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வால்வு. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர், 1.1 பார் கூடுதல் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் இதே கேப்தான். பழையதில் 1.1 என்றும் புதியதோடு வந்ததில் 0.9 என்றும் பொறித்திருந்தது. ரப்பர் நன்றாக இருந்ததால் பழையதையே போட்டோம்.

ஃபேனைக் கழற்றி மாட்டியதும் ஒரு சோதனை. டிசி மோட்டாரில் ஒயர் மாறினால் காற்று எதிர்த்திசையில் போகும். வண்டி ஓடும்போது வரும் காற்றை அதுவே தள்ளி நிறுத்திவிடும். ஃபேனைச் சுழலவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டினோம். ஒட்டிக்கொண்டது. திசை சரி.

தூசியும் துகளும் போக உள்ளே டிஸ்டில்ட் வாட்டர் விட்டு அலசிய பிறகு, கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றினோம். போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குழாய்களில் படிந்துவிடும். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்தும் அதில் கிடையாது. கேப் திறந்தபடியே, ஆறியிருந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹோஸை மெல்ல மெல்ல அமுக்கினார் அண்ணன். குமிழி வந்துகொண்டே இருந்தது. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது, நிரப்பி மூடினோம். ஏர் லாக் உள்ளே இருந்துவிட்டால் ரேடியேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. சூடான எஞ்சினில் மட்டும் கேப்பைத் திறக்கவே கூடாது. உள்ளே அமுங்கி நிற்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கம்பெனிப் பாகத்தின் விலையில், இந்தச் சோதனைகளையெல்லாம் முன்கூட்டியே யாரோ செய்து முடித்ததற்கான கூலியும் இருக்கிறது. வெளிப் பாகத்தில் அந்த வேலை நம்மிடம் வருகிறது. அதைச் செய்ய மனமும் செய்யத் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் இருந்தால், ‘லோக்கல் ஐட்டம்’ என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சுமையை முழுவதும் வாங்குபவர் தலையில் வைப்பதும் நியாயமில்லை. கோரின் தடிமன், ஹோஸ் கழுத்தின் விட்டம், கேப்பின் அழுத்தம் ஆகிய மூன்று எண்களையும் பெட்டியின் மேலேயே அச்சிடத் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவாகாது. கடையில் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். கேட்பவர்கள் பெருகினால் அச்சிடுபவர்களும் வருவார்கள். பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.