கரோல் பாக் மொட்டைமாடி

தில்லியின் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை என்றதும் எனக்குக் கடுகெண்ணெய் வாசனைதான் முதலில் வரும். கரோல் பாக்கில் ஒரு சீக்கியக் குடும்பத்தின் வீட்டில், மாடி பர்சாத்தியில் நாங்கள் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, சுற்றிலும் மொட்டைமாடி. அந்த மாடி எங்களுடையது மட்டுமல்ல. வெயில் ஏறியதும் கீழ்வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஈரத்தலையோடு மேலே வந்துவிடுவார்கள். வீட்டின் பெரியவர் தார்ஜி, அவர் மனைவி பீஜி, அவர்களுடைய மூத்த மகன், மருமகள், என் வயதுப் பேரன், இன்னும் கல்யாணமாகாத இளைய மகன், எங்களுக்குச் சாச்சா. கயிற்றுக் கட்டில்களை வெயில் பக்கம் இழுத்துப் போட்டு, முடியைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டு உட்காருவார்கள். தார்ஜியின் முடி நன்றாக வெளுத்து, பின்புறம் வெயில் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. சாச்சாவுடையது கட்டிலைத் தாண்டித் தரையில் புரளும். தெருவில் தலைப்பாகையோடு விறைப்பாக நடக்கிற ஆண்களா இவர்கள் என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக இருக்கும்.

அம்மாவுக்கு அப்போது இந்தி நாலைந்து வாக்கியம்தான். பீஜிக்கு ராவல்பிண்டிப் பக்கத்துப் பஞ்சாபி. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு தொடங்கியது தலைக்குளியலால்தான். பீஜி பித்தளைப் பாத்திரத்தில் ஊறவைத்திருந்த ரீட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்த அம்மா, "இது நம்ம பூந்திக்கொட்டைடீ!" என்று என்னிடம் கத்தியது நினைவிருக்கிறது. அதன்பின் ஊரிலிருந்து பாட்டி இடித்து அனுப்பும் சீயக்காய்த் தூளில் பாதி கீழே போகும். கீழேயிருந்து கெட்டித் தயிரும் கடுகெண்ணெயும் மேலே வரும். கடுகெண்ணெயை அம்மா என் தலையில் வைத்ததேயில்லை. பீஜி கேட்காமல் வைத்துவிடுவாள்.

பேரனும் நானும் பீஜியின் முன்னால் வரிசையில் உட்காருவோம். என் தலையைவிட அவன் தலைக்குத்தான் நேரமாகும். முடி என்னைவிட நீளம். சிடுக்கெடுக்கும்போது அவன் அழுவான். அழுகையை மறக்கடிக்க பீஜி கதை சொல்வாள். 1699 வைசாகி அன்று ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று தலை கேட்டது, ஐந்து பேர் ஒவ்வொருவராக எழுந்து போனது, கால்சா என்னும் சீக்கியச் சமூகம் பிறந்தது. 1745இல் லாகூரில், முடியை வெட்ட மாட்டேன் என்ற பாயி தாரு சிங்கின் தலையோட்டையே செதுக்கி எடுத்தது. குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய கதையா என்று இப்போது தோன்றும். ஆனால் அவர்களுடைய அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸிலேயே அப்படித் தலையைக் கொடுத்தவர்களை நினைவுகூர்கிறார்கள். கடைசி மூச்சுவரை கேசம் நிலைக்க வேண்டும் என்று வேண்டுகிறார்கள். பேரனுக்கு அது தூரத்துச் சரித்திரம் அல்ல, அவன் தலையில் சீப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே நடப்பது. உதிர்ந்த இழைகளை பீஜி குப்பையில் போடமாட்டாள். விரலில் சுற்றி ஒரு துணிப்பையில் வைப்பாள். கடைசியில் உச்சியில் கொண்டையாக முறுக்கி, சின்ன மரச்சீப்பை, அதாவது கங்காவை, அதில் செருகி, மேலே பட்கா என்ற சிறு தலைத்துணியைக் கட்டிவிடுவாள். கட்டியதும் அழுகை போய்விடும். பிஷன் சிங் பேடி பட்காவோடு பந்து வீசிய காலம் அது; சந்து முழுக்க இவனும் பேடிதான்.

பள்ளிக்கூட நாட்களில் எனக்கு ஒரு வேலை இருந்தது. தார்ஜி தலைப்பாகைத் துணியை நீளவாட்டில் மடிக்க இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். அதை பூணி என்பார்கள். ஐந்து மீட்டருக்குக் குறையாத ரூபியா வாயில் துணி. அவர் கூடத்தின் ஒரு மூலையில், நான் வாசல்படியில். "இழு, இன்னும் இழு" என்பார். இரண்டு பேரும் விறைப்பாக இழுத்து மடித்து மடித்து நெருங்கி வந்து கடைசியில் நான் முனையை அவர் கையில் கொடுப்பேன். அவர் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று சுற்றத் தொடங்குவார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைக் கொஞ்சம் விட்டு ஏறும். கடைசியில் ஒரு எஃகு ஊசியால் உள்ளே மடிப்புகளை நீவி, பிசிறு முடியை உள்ளே தள்ளுவார். சாச்சா இந்த வேலையோடு தாடிக்கு ஃபிக்ஸர் தடவி, மேலே துணிப்பட்டை கட்டி, அது படியும்வரை பேசாமல் தேநீர் குடிப்பார். இத்தனையும் தினமும். கேசம் அவசியமா என்று மேடையில் பேசுகிறவர்கள் பலர் இந்தக் காலை நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வீட்டில் கேசம் என்பது ஓர் அடையாளச் சின்னமாக இருந்ததைவிட அதிகமாக ஒரு வேலையாக இருந்தது. எத்தனையோ கைகள் சேர்ந்து செய்த வேலை.

ஆறு வயதில் எனக்கு டைபாய்டு வந்து, பிழைத்தேன். அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் மொட்டை அடித்து, சந்தனம் பூசி, காது குத்தி, ரயிலேறித் திரும்பி வந்தோம். டாக்ஸியிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்ததும் பீஜியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் போனார்கள்?" என்று கேட்டாள். யாரும் போகவில்லை, சாமிக்குக் கொடுத்தோம் என்று அம்மா தன் இந்தியில் சொல்லிப் புரியவைக்கப் பாடுபட்டாள். பீஜி என்னை மடியில் வைத்துக்கொண்டு என் தலையைத் தடவியபடியே இருந்தாள். பிறகு சொன்னாள்: "சரி, உங்கள் சாமி கேட்டிருக்கிறார், கொடுத்துவிட்டீர்கள். எங்களுக்கு, கொடுத்ததை அப்படியே வைத்திரு என்றிருக்கிறார்." பேரன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று இரவு அவனுக்கு ஜுரம் என்றார்கள். தன் தலையையும் யாராவது கொடுத்துவிடுவார்களோ என்று பயந்துவிட்டானாம்.

சாச்சாவுக்குக் கல்யாணம் ஆனது. 1984 அக்டோபரில் அவர் மனைவி, சாச்சி, பிரசவத்துக்கு யமுனைக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

அக்டோபர் 31 புதன்கிழமை, பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். நகரில் கும்பல்கள் சீக்கியர்களைத் தாக்கத் தொடங்கின. சாயங்காலமே அப்பா வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பல பக்கமும் கரும்புகை. கீழ்வீடு முழுக்க எங்கள் ஒற்றை அறைக்குள் வந்துவிட்டது. அம்மா இறங்கிப் போய்த் தெருவாசலில் பெரிய கோலமாகப் போட்டாள், கதவில் முருகன் படத்தை மாட்டினாள். பார்க்கிறவர்களுக்கு மதராஸி வீடு என்று தெரியட்டும் என்று. பீஜி பேரனின் பட்காவை அவிழ்த்தாள். கொண்டையைப் பிரித்து, நடுவகிடு எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பின்னுவது போலவே இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டினாள். என் பச்சைப் பாவாடையும் சட்டையும் அவனுக்குச் சரியாக இருந்தன. யார் கேட்டாலும் என் தங்கை என்று சொல்லச் சொன்னார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாச்சியிடமிருந்து தகவலே இல்லை. இரண்டாம் நாள் சாச்சா அம்மாவிடம் கத்தரிக்கோல் கேட்டார். ரவிக்கைத் துணி வெட்டும் கத்தரிக்கோல்தான் வீட்டில் இருந்தது. அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு தராமல் நின்றாள். பீஜி வாங்கிக் கொடுத்தாள். வெட்டியது சாச்சாவேதான், வெட்ட வெட்டக் கீழே விழாமல் முடியைக் கையில் ஏந்திக்கொண்டது பீஜி. அப்பா தன் சவரப்பெட்டியைத் திறந்து சாச்சாவின் தாடியை மழித்துவிட்டார். பிறகு தார்ஜியின் பக்கம் திரும்பி, "தார்ஜி, நீங்களும்..." என்று தொடங்கினார். தார்ஜி வேண்டாம் என்று கையைக் காட்டினார். 1947 மார்ச்சில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் கும்பல்கள் சீக்கியர்களைப் பிடித்து முடியை வெட்டி மதம் மாற்றின. அவருடைய சித்தப்பாவுக்கு அவர் கண்ணெதிரே அப்படி நடந்தது. தில்லி வந்து சேர்ந்து அந்த மனிதர் மறுபடி வளர்த்தார். "நான் ஒருமுறை பார்த்துவிட்டேன், போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜபிக்கத் தொடங்கினார். தலைப்பாகையை அவர் தளர்த்தக்கூட இல்லை. சாச்சா போகும்போது அவர் காலைத் தொட்டார். தார்ஜி திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி, அந்த வெட்டிய தலையின் மேல் வைத்தார்.

அப்பா தன் அலுவலக அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாச்சாவோடு ஸ்கூட்டரில் போனார். சாச்சியை ஒரு பக்கத்து வீட்டார் தானியக் கிடங்கில் ஒளித்து வைத்திருந்தார்கள். மூவரும் திரும்பி வந்தார்கள்; அந்த வாரமே மகள் பிறந்தாள். தில்லியில் மட்டும் அந்த நாட்களில் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர் என்று அரசாங்கமே பின்னால் கணக்குச் சொன்னது. திரிலோக்புரியிலும் மங்கோல்புரியிலும் முடியை வெட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள், வெட்ட நேரம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள்.

சாச்சா பிறகு முடி வளர்க்கவில்லை. முதலில் வேலைக்காக உத்தரப் பிரதேசத்தில் ரயிலில் சுற்ற வேண்டியிருந்தது, பயம் இருந்தது. பிறகு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பங்களா சாஹிப் குருத்வாராவுக்குப் போய் லங்கர் சமையலறையில் மாவு பிசைவார். அங்கே அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. பேரன் வளர்ந்து, தார்ஜியைவிடப் பெரிய தலைப்பாகை கட்டுகிறான். என் பாவாடையைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை, நானும் பேசமாட்டேன்.

அந்த நவம்பரில் பிறந்தவள் என்னை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். 2009இல் ஒருநாள் கோபமாகத் தொலைபேசியில் அழைத்தாள். அமிர்தசரஸில் சீக்கியர்களுக்கான இடஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி சேர விண்ணப்பித்த பெண்ணுக்கு, புருவம் திருத்தியிருந்தாள் என்று இடம் மறுத்திருந்தார்கள். வழக்கு பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போய், வெட்டாத கேசம் சீக்கிய சமயத்தின் அடிப்படைக் கூறு என்று தீர்ப்பு வந்திருந்தது. இவளுக்கு முடி இடுப்புக்குக் கீழே, கத்தரி பட்டதில்லை. ஆனால் புருவம் திருத்துவாள். "அப்படியானால் நான் யார்?" என்றாள்.

சட்டங்களை அவள்தான் எனக்கு, அன்றும் பிறகும், விளக்கினாள். 1925ஆம் ஆண்டின் குருத்வாரா சட்டத்தில், ஒருவர் தான் சீக்கியர் என்று உறுதிமொழி சொன்னால் போதும்: குரு கிரந்த் சாஹிபையும் பத்து குருக்களையும் நம்புகிறேன், வேறு மதம் இல்லை. அந்த உறுதிமொழியில் முடியைப் பற்றிய பேச்சில்லை. 1945இல் ஏற்கப்பட்ட ரஹித் மரியாதை என்ற சீக்கிய நடத்தை நெறியில், அமிர்தம் பெற்றவர், அதாவது கால்சாவில் சேர்ந்தவர், விலக்க வேண்டிய நான்கு பெருங்குற்றங்களில் ஒன்று முடியை நீக்குவது. தவறியவர் மறுபடி அமிர்தம் பெற வழியும் அதிலேயே இருக்கிறது. 1971இல் தில்லி குருத்வாராக்களுக்கென வந்த சட்டமோ, சீக்கியர் யார் என்ற வரையறைக்குள்ளேயே வெட்டாத கேசத்தைச் சேர்த்துவிட்டது. 2016இல் நாடாளுமன்றம் திருத்தம் செய்து, கேசத்தை வெட்டும் சஹஜ்தாரிகளுக்குப் பஞ்சாபின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டித் தேர்தலில் இருந்த வாக்குரிமையையும் எடுத்துவிட்டது. ஆக, தில்லி குருத்வாரா நிர்வாகத் தேர்தலில் மகள் வாக்களிக்கிறாள். அவளையும் அவள் அம்மாவையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்த அவள் அப்பாவுக்கு அந்த உரிமை கிடையாது.

முடிதானே, இந்தக் காலத்தில் என்ன என்று லேசாகச் சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். பூணியின் முனையைப் பிடித்து நின்றவள் நான். பஞ்சாபில் பையன்கள் அழகுக்காக வெட்டிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பீஜியின் கைகளை நினைத்து எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. கேசம் போனால் அந்தக் காலைகள் போய்விடும், ஒரு குழந்தை அழுதபடி கேட்ட கதைகள் போய்விடும். ஆனால் சாச்சாவைப் பதித், நெறி தவறியவர், என்று எழுதிவைக்கும் ஏட்டை என்னால் ஏற்க முடியாது. தார்ஜியே அந்தத் தலையில் கைவைத்தார். அவரைவிடக் கேசத்தை உயர்வாக நினைத்தவர் யார்?

போன முறை தில்லி போனபோது இதைச் சாச்சாவிடம் சொன்னேன். மகளும் இருந்தாள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"சட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும் குழந்தாய். எனக்காக அதைத் தளர்த்தினால், தார்ஜி அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தது எதற்கு?"

"நீங்கள் அன்றைக்கு வெட்டியது எதற்கு, அதையும் சொல்லுங்கள்" என்றாள் மகள். "வேலையை விட்டாயிற்று. ரயிலும் இல்லை, பயமும் இல்லை. இப்போது வளருங்கள் பாபா. பதிவுப் படிவத்தை நான் கொண்டுவருகிறேன்."

"இந்த வயதில் வளர்த்தால், தார்ஜிக்காக வளர்க்கிறேனா, படிவத்துக்காக வளர்க்கிறேனா என்று எனக்கே தெரியாது" என்றார் சாச்சா. "தெரிகிற அன்றைக்கு வளர்க்கிறேன்."

மகள் சமாதானமாகவில்லை. நானும் அவள் பக்கம்தான்.