மாதரியின் வீடு

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் என்றால் வழக்குரைத்தலும் ஊர் எரிந்ததும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன; ஆயினும் அதன் முற்பகுதியை மட்டும் தனியே எடுத்துப் படித்தால், பொருளை இழந்த ஓர் இளம் கணவனும் மனைவியும் கடும் வேனிலில் தமக்குப் பழக்கமில்லாத பாண்டிநாட்டுக்குள் நடந்து வந்து, மதிலுக்கு வெளியே தங்கி, கணவன் மட்டும் ஊர் பார்த்துத் திரும்பி, பின்னர் இருவரும் ஓர் ஆய்ச்சியின் வீட்டில் குடியேறிய செய்தியாகவே அது நிற்கிறது. மணநாளில் கண்ணகிக்கு 12 அகவை, கோவலனுக்கு 16 அகவை என்று நூலே கூறுவதால், ஆடல்மகள் மாதவியோடு கழிந்த ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் மதுரைக்கு வந்தபோது கோவலன் முப்பதை எட்டியிருக்க மாட்டான். இவ்விருவரும் தங்கிய இடம் எது என்ற கேள்விக்கு இன்றைய மதுரையில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு: வடக்கே அழகர்கோயில் சாலையில் உள்ள கடச்சனேந்தலை அந்த ஆய்ச்சி மாதரியின் ஊர் என்பர், தெற்கே பழங்காநத்தத்தில் உள்ள கோவலன் பொட்டலைக் கோவலன் வெட்டுண்ட இடம் என்பர், நடுவே சிம்மக்கல்லில் செல்லத்தம்மன் கோயிலைக் கண்ணகியோடு தொடர்புபடுத்துவர். இவற்றுள் எது மூத்தது, எது நூலைப் படித்தவர்கள் பின்னாளில் ஏற்றியது என்று பிரித்தறிய, நூல் சொல்லும் வழியை முதலில் நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பருவத்தைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. தம் ஊராகிய புகாரில் இந்திரவிழா முடிந்த பின் இவர்கள் புறப்படுகிறார்கள். மதுரை எரிந்தது ஆடித் திங்களின் தேய்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை என்று நூல் குறிக்கிறது. கோவலன் ஊர் காணச் சென்ற நாளையோ, மதுரையைத் தன் ஆட்சியில் வைத்திருந்த வேனில் அரசன் வேற்று நாட்டுக்குக் கிளம்ப ஆயத்தமாகும் கடைசி வெயில் நாளாக நூலாசிரியர் இளங்கோவடிகள் உருவகிக்கிறார். முல்லை நிலமும் குறிஞ்சி நிலமும் மழை பொய்த்து வெயிலால் தம் இயல்பு கெடும்போது பாலை என்று பெயர் பெறும் என்ற புகழ்பெற்ற விளக்கத்தையும் அவர் இந்தப் பயணத்தின் நடுவில்தான் வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிட்டு, அதை ஓர் இலக்கண விதியாக மட்டும் மேற்கோள் காட்டுவது வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. நடந்து களைத்த இருவருக்கு முன்னால் காடு காய்ந்து கிடந்ததன் விளக்கம் அது. இந்தத் திங்கள், திதி, கிழமைக் குறிப்புகளோடு உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தரும் வானியல் குறிப்புகளையும் சேர்த்துக் கணித்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, இந்நிகழ்ச்சிகள் கி.பி. 756ஆம் ஆண்டுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தார்; நூலை அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டதாகக் கருதியவர்கள் இதை ஏற்கவில்லை. ஆண்டு எதுவானாலும், வைகாசி முதல் ஆடி வரையிலான வெயில் மாறாது.

தொலைவைப் பற்றி நூலில் ஒரு சிறு காட்சி உண்டு. புகாரை விட்டுச் சிறிது தூரம் போவதற்குள் கால் தளர்ந்த கண்ணகி, மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே ஆறைங்காதம் என்கிறான். காதம் என்பது பழைய வழித்தூர அளவு. ஆறைந்து காதம் என்றால் முப்பது காதம். ஆனால் அதே சொல் ஆறோ ஐந்தோ என்றும் காதில் விழக்கூடியது என்பதால், மனைவியை அஞ்சவைக்காமல் உண்மையையும் சொல்லிவிட அவன் கண்ட வழி அது என்று படிப்பதில் தவறில்லை. பூம்புகாரிலிருந்து உறையூர் வழியாக மதுரை ஏறத்தாழ 280 முதல் 300 கிலோமீட்டர் ஆகையால் ஒரு காதம் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவோ நிகராகவோ அமைகிறது. காவிரிக் கரையில் நாளுக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் நடக்கவில்லை, இடையில் பல நாள் தங்கவும் செய்தார்கள் என்று நூல் கூறுவதையும் சேர்த்தால், புறப்பாட்டுக்கும் ஆடி மாதத்துக்கும் இடைப்பட்ட காலம் ஒழுங்காக நிரம்பிவிடுகிறது. காப்பியத்தில் இவ்வளவு கச்சிதமாகக் கணக்கு பொருந்துவது அரிது.

உறையூரைக் கடந்து தெற்கே வரும் இவர்களுக்கு, மாங்காட்டைச் சேர்ந்த மறையவன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பை என்ற ஊரின் ஏரிக்கரையில் சென்றால் பாதை மூன்றாகப் பிரியும்; வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், இரண்டுக்கும் நடுவே ஒரு காட்டுவழி. கொடும்பை இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் என்றும், திருமால்குன்றம் அழகர்மலை என்றும் கொள்வதில் அறிஞர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. கொடும்பாளூரில் மதுரையை நோக்கி நின்றால் மேற்கே தள்ளிச் சிறுமலையும் அதற்குக் கிழக்கே அழகர்மலையும் அமைவதால், மறையவனின் வலமும் இடமும் நிலத்தில் பிசகாமல் விழுகின்றன. இடைவழி என்பது இவ்விரு மலைகளுக்கும் நடுவே உள்ள நத்தம் பள்ளத்தாக்கு வழியாக மதுரையை நோக்கி இறங்கும் தடமாகவே இருக்க முடியும். இடவழியில் பிலம், அதாவது மலைக்குள் நீளும் குகைவழி, உண்டு என்றும் அங்குள்ள பொய்கைகளில் நீராடினால் வேண்டியது கிட்டும் என்றும் மறையவன் ஆசைகாட்டியபோது, உடன் வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் அதை மறுத்து நடுவழியையே தேர்ந்தார். துறவியின் கொள்கை வழியைத் தீர்மானித்ததால், மூவரும் மதுரையை வடக்கிலிருந்து நெருங்கினார்கள். பகல் வெயில் கண்ணகிக்குத் தாங்காது என்று கடைசிக் கட்டத்தை நிலவொளியில் இரவில் நடந்தார்கள்.

வையைத் துறையில்தான் தேடலுக்கு வேண்டிய முதன்மைச் சான்றுகள் கிடைக்கின்றன. குதிரைமுக ஓடமும் யானைமுக ஓடமும் சிங்கமுக ஓடமும் பலர் ஏறிச் செல்லும் பெருந்துறையை விட்டு விலகி, மூவரும் ஒரு மரத்தெப்பத்தில் கடந்து தென்கரையை அடைகிறார்கள். ஆடியை ஒட்டிய நாளில் வையை பூவாடை போர்த்து நிறைந்தோடியது என்பது புலவர் மரபுக்குரிய ஆற்று வருணனையாகத் தோன்றலாம். ஆனால் கூட்டமுள்ள துறையைத் தவிர்த்துத் தெப்பம் தேடியது மரபுக்கு அடங்காத செய்தி. அடுத்ததாக, தேவர் உறையும் மதுரையை வலம் வருவது தகும் என்று கருதி, காவற்காடும் அகழியும் சூழ்ந்த மதிலைச் சுற்றி அவர்கள் நடக்கிறார்கள். வலம் வருதல் என்பது வணங்கப்படுவதை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுதல். வடபுறத்தில் ஆற்றைக் கடந்தவர்கள் வலமாகச் சுற்றினால் முதலில் அடையும் பக்கம் கிழக்கு. காண்டத்தின் இறுதியில் எல்லாம் இழந்த கண்ணகி, கணவனோடு கிழக்கு வாயிலால் நுழைந்ததாகவும் மேற்கு வாயிலால் தனியே வெளியேறுவதாகவும் கூறிப் புலம்புவதை இதனோடு வைத்தால், பல காதைகள் இடைவிட்டு நிற்கும் மூன்று குறிப்புகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இன்றைய கீழவாசலை உடனே அந்தக் கிழக்கு வாயிலாக்கிவிடும் ஆசை எழலாம். எனினும் அப்பெயர் நாயக்கர் காலக் கோட்டைக்கு உரியது, அக்கோட்டையையும் 1840களில் பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்தபோது இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள்.

மதிலுக்கு வெளியே அவர்கள் முதலில் தங்கியது புறஞ்சேரி. புறஞ்சேரி என்பது நகரின் காவலுக்கு அப்பால் துறவிகளும் அறத்தோரும் வாழும் குடியிருப்பு; ஆனைமலை, சமணர்மலை, திருப்பரங்குன்றம், அரிட்டாபட்டி என்று சமணத் தடயமுள்ள குன்றுகள் மதுரையைச் சூழ்ந்திருப்பதைக் காண்போருக்கு, கவுந்தியடிகளைப் போன்றோர் தங்க அங்கே இடமிருந்ததில் வியப்பில்லை. மாதரி அங்கே வந்தது இயக்கிக்குப் பால்சோறு படைத்துத் திரும்பும் வழியில். இயக்கி என்பது சமண மரபில் தீர்த்தங்கரரைச் சார்ந்த காவல் தெய்வம். படையல் முடித்து வந்த ஆய்ச்சியைக் கண்டு, கொடுமையில்லாத வாழ்க்கையுடையவள் இவள் என்று முடிவு செய்து கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார் துறவி. அடைக்கலம் என்பது காக்கும் பொறுப்போடு கைமாறும் பொருள். நூலில் அச்சொல்லுக்கு உறவைவிடக் கனம் அதிகம்.

ஆயர்பாடியில் மாதரி கொடுத்த வீடு செம்மண் பூசிய பந்தலும் வேலிக் காவலும் உடைய சிறு வீடு. இவர்கள் சாவக நோன்பிகள், அதாவது இல்லறத்திலிருந்தே சமண விரதம் காப்பவர்கள், பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள் என்பதால், பகலிலேயே சமைக்கத் தனிக் கலங்களைத் தருமாறு மாதரி சொல்கிறாள். பலாக்காய், வரியுள்ள வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பால், நெய் எல்லாம் வந்து சேர்கின்றன. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் தர, கண்ணகி காய்களை அரிவாள்மணையில் அரிந்து விரல் சிவந்து, புகையில் முகம் வியர்த்துக் கண் சிவந்து சமைக்கிறாள். கோவலனைப் பனையோலைத் தடுக்கில் அமர்த்தி, தரையில் நீர் தெளித்துத் தடவி, குமரிவாழையின் குருத்திலையை விரித்துப் பரிமாறுகிறாள். புகாரில் பெருவணிகன் வீட்டு மருமகளாக இருந்தவளின் கை இந்த நூலில் அடுப்படியில் தெரிவது இங்கேதான். உண்டு முடித்து, வெற்றிலை பெற்று, ஒரு சிலம்போடு கோவலன் கிளம்புகிறான். நூலின் நிரலை அப்படியே எண்ணினால், புறஞ்சேரியில் ஓர் இரவு, ஆயர்பாடியில் ஓர் இரவு. மதுரை முழுவதும் பெயரும் பொட்டலும் கோயிலுமாகப் பரவிக் கிடக்கும் தங்கலின் நீளம் அவ்வளவே.

ஊர்வழக்குகளை இந்த அளவுகோலோடு நெருங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. கடைச்சிலம்பு ஏந்தல் என்பதே கடச்சனேந்தல் ஆயிற்று என்று சொல்லப்படும் காரணம், பெயர் இருந்தபின் கதை தேடியது போலவே ஒலிக்கிறது. ஏந்தல் என்பது மழைநீரை ஏந்தி வைக்கும் சிறிய கண்மாய். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளின் ஊர்ப்பெயர்களில் அது சர்வ சாதாரணமாகக் காணப்படுவதால், அதன் முன்னே ஓர் ஆள்பெயர் நிற்பதாகக் கொள்வதே எளிது. மேலும் அவ்வூர் வையைக்கு வடக்கே இருக்கிறது. நூலோ தென்கரைக்கு வந்த பின்னரே ஆயர்பாடியைக் காட்டுகிறது. இருந்தும் அந்த வழக்கைத் தள்ளிவிட மனம் வராததற்கு ஒரு காரணம் உண்டு: சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும் வழி கடச்சனேந்தல் வழியாகவே செல்கிறது. வடக்கிலிருந்து வெயிலில் நடந்து ஆற்றுக்கு வருவோரின் சாலை என்ற நினைவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் இடத்தில், வடக்கிலிருந்து வெயிலில் நடந்து வந்த இருவரின் கதையும் ஒட்டிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கோவலன் பொட்டலின் கதை வேறு. பொட்டல் என்றால் பயிரும் மரமும் இல்லாத வெட்டவெளி. 1980ஐ ஒட்டி அங்கே தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகள், அதாவது இறந்தோரை இட்டுப் புதைத்த பெரிய மண்பானைகள், கிடைத்தன. ஆகவே அவ்விடம் சாவோடு தொடர்புடையது என்பது மெய்; எந்தக் கோவலனுக்கும் முன்பிருந்தே அது இடுகாடாக இருந்திருக்கிறது. மண்ணில் எப்போதாவது தென்பட்ட தாழியும் எலும்பும் ஊராரின் மனத்தில் ஒரு கொலைக்களத்தை உருவாக்க, நாடெங்கும் தெரிந்த கொலையின் பெயர் அதற்கு வந்து சேர்ந்தது என்று கருதலாம். செல்லத்தம்மன் கோயில் வழக்கு இவ்விரண்டிலிருந்தும் விலகி, தங்கலைப் பற்றிப் பேசாமல் சினம் தணித்தலைப் பற்றியே பேசுவதால், இத்தேடலுக்கு அது உதவாது.

நூலைக் கையில் வைத்து நடந்தே தேடும் முறைக்கு முன்னோடி பேராசிரியர் சி. கோவிந்தராசனார். உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த காப்பியத்தை வழிகாட்டி ஏடாகக் கொண்டு கண்ணகி சென்ற தடத்தில் நடந்த அவர், கூடலூருக்கு மேலே கேரள எல்லையில் உள்ள மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று 1963இல் அடையாளம் காட்டினார். மதுரைக்கு மேற்கே அவருக்கு ஆற்றங்கரை துணையாக இருந்தது. மதுரையை விட்டுக் கண்ணகி பதினான்கு நாள் நடந்த வழி வையையை ஒட்டியது. மதுரைக்குள் அப்படி ஒரு துணை கிடையாது. சங்க கால மதுரை இன்றைய இடத்தில்தான் இருந்ததா என்பதே பேச்சுக்குரியது. 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்வுகள் நகருக்குத் தென்கிழக்கே வையைத் தென்கரையில் ஒரு பழைய குடியிருப்பைக் காட்டிய பின், பழைய நகரைக் கிழக்கே தேடுவோரின் குரல் வலுத்திருக்கிறது. மதில் நகர்ந்தால் கிழக்கு வாயிலும் நகரும். வாயில் நகர்ந்தால் புறஞ்சேரியும் அதனோடு போகும்.

மாதரியின் வீட்டைப் பொறுத்தவரை நூலே ஒரு கதவை அடைத்துவிடுகிறது. அடைக்கலத்தை இழந்தேன் என்று மாதரி தீயில் பாய்ந்தாள் என்ற செய்தியை வஞ்சிக் காண்டத்தில் மாடலன் என்னும் மறையவன் சேர மன்னனிடம் சொல்கிறான். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். புகாரிலிருந்து கண்ணகியைத் தேடி மதுரைக்கு வந்த அவளுடைய பார்ப்பனத் தோழி தேவந்தியும் செவிலியும் அடித்தோழியும் அங்கே கண்டது ஐயையை மட்டுமே. அடுப்பு மூட்டிக் கொடுத்த அந்தப் பெண்ணும் அவர்களோடு சேர்ந்து வையைக் கரை வழியே மேற்கே மலையேறிப் போனாள். திரும்பி வந்ததாக நூலில் குறிப்பு இல்லை.