உடைந்த குழாயின் குரல்

ஒலியிலுள்ள இரைச்சலை நீக்குவதையே பிழைப்பாகக் கொண்டு நாற்பதாண்டுகள் வாழ்ந்துவிட்ட ஒருவனிடம், வேண்டுமென்றே இரைச்சலை உண்டாக்கும் கருவியொன்றைக் கொண்டுவந்து வைத்து, “இதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றால் அவன் என்ன செய்வான்? சென்ற மாதம் நமக்கு அப்படியொரு சோதனை வாய்த்தது.

செங்கற்பட்டில் நாம் ஒலிபெருக்கி நிலையம் நடத்திவந்தோம். ஊரார் நாவில் அது ‘மைக்செட் கடை’. மீலாது மேடை, நிக்காஹ் பந்தல், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் நம்முடைய குழாய்கள்தாம் கம்பத்தில் ஏறும். நாகூர் ஹனீபா அவர்களின் இசைத்தட்டைச் சுழலவிட்டால், கொளவாய் ஏரிக்கரையில் நிற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். 2015-ஆம் ஆண்டு மறைந்த அப்பெருமகனாரின் கணீர்க் குரல், குழாய் ஒலிபெருக்கிக்கென்றே அமைந்ததோ என நாம் வியந்ததுண்டு. ஆனால் குமிழை ஒரு நூலளவு கூடுதலாகத் திருப்பிவிட்டால் போதும். அந்தக் குரலும் கரகரக்கத் தொடங்கிவிடும். ஓடிச்சென்று குறைப்போம். ‘கரகரப்பு இருந்தால் கடைக்கு இழுக்கு’ என்பதே நாம் கற்ற முதற்பாடம். வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் கற்பித்ததும் அதுவே.

அத்தகைய நம்மிடம்தான் மைத்துனர் வந்து அமர்ந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

“மச்சான், உங்கள் மருமகன் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு சிறு பெட்டி வாங்கியிருக்கிறான். கிதாரையும் அதையும் இணைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறான். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் இசைக்குழுவில் சேரப்போவதாகவும் சொல்கிறான். நீங்கள் ஒலியறிந்தவர். அது இசையா, வெறும் இரைச்சலா என்று கேட்டுச் சொல்லுங்கள். இரைச்சல்தான் என்றால், விற்றுவிடும்படி நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள்.”

இசைக்கருவிகளைக் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் வாய் திறக்கும் தகுதி நமக்கில்லை. மைத்துனர் கேட்டதும் அதுவன்று. பிள்ளை தன் இளமையை வெறும் சத்தத்தில் கரைத்துக்கொண்டிருக்கிறானோ என்பதே அந்தத் தந்தையின் கவலை. நாமும் மனத்துக்குள் பாதித் தீர்ப்பை எழுதிவைத்துக்கொண்டுதான் புறப்பட்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டில் சோதிக்க வழியில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றோம். நம்முடைய பழைய நண்பர் ஒருவர் அங்கே கற்சிற்பி. அவருடைய பட்டறையில் நாள் முழுதும் உளியோசை. எனவே நாம் எழுப்பும் ஓசையை யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல்.

பெட்டி உள்ளங்கையளவே இருந்தது. மேலே ஐந்து குமிழ்கள், காலால் மிதிக்க இரண்டு பொத்தான்கள், ஓரத்தில் கணினியோடு இணைக்க ஒரு துளை. கிதாரிலிருந்து வரும் கம்பி ஒருபுறம் நுழைய, ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி மறுபுறம் வெளியேறும். இதற்கு டிஸ்டார்ஷன் பெடல் என்று பெயராம். நாம் கரகரப்பு என்று சொல்வதைத்தான் இவர்கள் அப்படி அழைக்கிறார்கள். மின்சாரம் கொடுத்ததும் முதலில் எழுந்தது இசையன்று, ‘உம்ம்’ என்ற மின்முனகல். மருமகன் பெட்டியின் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தான். நமக்குச் சிரிப்பு வந்தது. பெடல் ஒரு பிளக்கிலும் ஒலிபெருக்கி கொட்டகையின் மறுகோடியில் வேறொரு பிளக்கிலும் இருந்தன. இரண்டையும் ஒரே பலகையில் செருகி, எர்த் கம்பியைச் சரிபார்த்தோம். முனகல் அடங்கியது. “மாமா, இதை எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை” என்றான். அந்தச் சொல்லில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டானதும் உண்மையே.

இனி, அந்தப் பெட்டி செய்வது என்ன? உருப்பெருக்கிக்குள் ஓரளவுக்குமேல் வலுவான ஒலியலை நுழைந்தால், தாழ்ந்த கூரையுள்ள வீட்டில் நெட்டையன் புகுந்த கதையாகிவிடும். அலையின் உச்சி கூரையில் இடித்துத் தட்டையாகிப் போகும். அவ்வாறு தட்டையான அலையில், முன்பு இல்லாத புதிய ஒலிகள் தோன்றுகின்றன. கிதாரின் ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. அலையின் மேலும் கீழும் ஒரே அளவில் வெட்டுண்டால், 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் வலுப்பெறும். ஒருபுறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் வெட்டினால், 220, 440 ஆகிய இரட்டைப்படை மடங்குகளும் கூடி ஒலி சற்றுக் கனியும். பழைய பெட்டிகளில் இந்தக் கூரையாக நின்றவை டயோடுகள். சிலிக்கான் என்றால் ஏறத்தாழ 0.6 வோல்ட், ஜெர்மானியம் என்றால் 0.3 வோல்ட் அளவில் அலை வெட்டுப்படும். கூரையின் உயரத்தை மாற்ற வேண்டுமானால் பற்றவைப்புக் கோலை எடுத்தாக வேண்டும். மருமகனின் பெட்டியிலோ, எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்பதையெல்லாம் ஒரு சில்லு நொடிக்குப் பல்லாயிரம் முறை கணக்கிடுகிறது. விரும்பிய அமைப்பைப் பெயரிட்டுப் பதித்துவைத்தால், ஒரே மிதியில் அது திரும்ப வரும். 1983-இல் உலகுக்கு வந்த மிடி எனும் பொது மொழியில் கட்டளை அனுப்பி, இத்தகைய 128 அமைப்புகளை எண் சொல்லி அழைக்கலாமாம்.

இந்தக் கலையின் பிறப்பே ஒரு பழுதில்தான் என்று மருமகன் சொன்ன செய்தி நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடமொன்றில், மார்ட்டி ராபின்ஸ் என்பவரின் பாடலுக்கு இசை பதியும்போது ஒலிக்கலவைப் பலகையின் ஒரு பகுதி கெட்டு, கிதாரின் ஒலி கரகரத்துப் போயிற்று. அதை அப்படியே விட்டு 1961-இல் பாடலை வெளியிட்டார்கள், மக்கள் விரும்பினார்கள். பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, அதே கரகரப்பைத் தரும் மின்சுற்றை உருவாக்கினார். 1962-இல் அது மேஸ்ட்ரோ எஃப்.இசட்-1 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நாம் குப்பையில் போட்டிருக்கக்கூடிய பலகையிலிருந்து ஒருவர் புதிய குரலொன்றைக் கண்டெடுத்துவிட்டார்!

யோசித்துப் பார்த்தால் நம் நாட்டுக்கும் இது புதிதன்று. தம்பூராவின் குதிரைமீது, தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலைச் செருகுவார்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தும்போது, மொட்டையாக ஒலித்த தந்தி ரீங்கரித்து மலரும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். தந்தியின் அதிர்வை நூலால் சற்றே இடறச்செய்து, அதற்குள் உறங்கும் மேலொலிகளை எழுப்பும் வேலைதான் அது. அந்த இடறலுக்கு உயிர் என்று பெயர் வைத்த முன்னோரின் செவி எத்தகைய செவி!

மின்கிதாரில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்ற பிரசன்னா, ராணிப்பேட்டையிலிருந்து எழுந்தவர். 2006-இல், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2010-இல் நம்முடைய இதே கடற்கரைச் சாலையில், இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர்ப் பகுதியில் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைக் கழகத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இந்தச் செய்திகளையெல்லாம் மருமகன் வாயிலாகவே அறிந்தோம். கடற்கரைச் சாலையில் எத்தனையோ முறை குழாய்களை ஏற்றிக்கொண்டு சென்ற நமக்கு, அங்கே கிதாருக்கொரு கல்விக்கூடம் எழுந்தது தெரியாமற் போயிற்று.

சோதனை தொடங்கியது. முதல் அமைப்பில் மெல்லிய கரகரப்பு. உரக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிய மனிதரின் குரல்போல் இருந்தது. விரலை மென்மையாக வைத்தால் தெளிகிறது, அழுத்தினால் முரடாகிறது. இரண்டாம் அமைப்பில் அலை முற்றிலும் சதுரமாகி, தேனீக்கூட்டம் கலைந்தாற்போல் எழுந்தது. அதில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடுகின்றன. 110-உம் 165-உமாக அடிச்சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் மீட்டினால், அவற்றின் வேறுபாடான 55 கீழே தானாகவே தோன்றி, கொட்டகையின் தகரத்தை நடுங்கவைக்கிறது. ராக் இசைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்களோடு நின்றுகொள்வதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

குறைகளும் தென்பட்டன. பதித்த அமைப்பை அழைக்கும்போது ஒலி மாறுகிறது. குமிழ்களோ பழைய இடத்திலேயே நிற்கின்றன. கண்ணுக்குக் குமிழ் ஒன்றைக் காட்ட, காது வேறொன்றைக் கேட்கிறது. ஒரு குமிழைத் தொட்ட கணத்தில் ஒலி எங்கோ தாவுகிறது. வீட்டில் தணிந்த ஒலியில் செம்மைப்படுத்திய அமைப்பு, இங்கே உரக்க வைத்ததும் காதைக் குத்தியது. ஒலியின் அளவு மாறினால் நம் செவி தாழொலியையும் மேலொலியையும் எடைபோடும் விகிதமும் மாறிவிடுகிறது. இது மைக்செட் வைத்தவர்கள் அனைவரும் அறிந்ததே. “பெட்டிக்கு நினைவு உண்டு, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதை நீதான் கேட்டுத் திருத்த வேண்டும்” என்றோம். அவன் தாளில் குறித்துக்கொண்டான்.

பொழுது சாயும் வேளை. “மாமா, இன்னும் ஒன்று இருக்கிறது” என்று தயங்கியவாறு ஏழாவது அமைப்பை மிதித்தான். தந்தியில் விரலை வழுக்கவிட்டு, இழுத்து இழுத்து ஒரு மெட்டை வாசித்தான். நம் உடல் சிலிர்த்தது.

ரமலான் இரவுகளில் ஸஹர் நேரத்துக்கு எழுப்பப் போகும் நம் மர்ஹூம் அத்தாவின் குரல் அது! சைக்கிளின் பின்னால் பாட்டரியும் முன்னால் ஒரு பழைய குழாயும் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். அந்தக் குழாயின் யூனிட்டில் டயாஃப்ரம் கீறியிருந்தது. குரல் தாழும்போதெல்லாம் கரகரக்கும். “புதிது மாற்றித் தருகிறேன் அத்தா” என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வோம். ஊரார் குழாய்களையெல்லாம் பழுது பார்த்தோம். அத்தாவின் குழாய் மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. 2004-இல் அவர்கள் மறையும்போதும் அந்தக் கீறல் அப்படியே இருந்தது. இருபதாண்டுகளாக அதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும். அப்போது மருமகனுக்கு ஏழு வயது. நோன்பு மாதமெல்லாம் நன்னா வீட்டிலேயே உறங்குவான்.

“சரியாக இருக்கிறதா மாமா? எனக்கு இவ்வளவுதான் நினைவிருக்கிறது” என்றான்.

சற்று நேரம் நம்மால் பேச இயலவில்லை. பிறகு அருகே சென்று அமர்ந்தோம். “குழாயில் அடியொலி வராது. 300-க்குக் கீழே முழுவதும் வெட்டிவிடு. மேலேயும் 4000-க்குமேல் வேண்டாம். கீறல் எப்போதும் கரகரக்காது; குரல் தாழும்போது மட்டுந்தான். மேலே போனால் தெளிந்துவிடும்” என்றோம். அவன் கணினியை இணைத்து ஒவ்வொன்றாக மாற்ற, நாம் ஒவ்வொன்றையும் கேட்டுச் சொல்ல, மஃரிபுக்குச் சற்று முன்னர் அந்தக் குரல் அமைந்துவிட்டது.

சிற்பி நண்பர் உளியை வைத்துவிட்டு வந்து நின்றார். சுத்தியலால் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் ஏற்பதும் மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் என்று கல்லை ஒதுக்குவதும் அவர் வழக்கம். “விரிசல் விட்ட ஒலிதான். ஆனாலும் ஒதுக்க மனம் வரவில்லையே!” என்றார்.

இரவு மைத்துனர் வீட்டு முற்றத்தில் அமர்ந்தோம். நாம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மருமகனை ஏழாவது அமைப்பை மட்டும் வாசிக்கச் சொன்னோம். உள்ளேயிருந்த தங்கை, கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். மைத்துனர் தலைகுனிந்து கேட்டார். முடிந்ததும், “மாமனாரின் குரலை எப்போது பதிவு செய்தீர்கள், மச்சான்?” என்றார்.

“யாரும் பதிவு செய்யவில்லை. அவன் நினைவில் இருந்தது” என்றோம்.

வேலையை விடுவதா, வைத்துக்கொண்டே வாசிப்பதா என்பதைத் தந்தையும் மகனும் அமர்ந்து பேசட்டும். அதில் நாம் தலையிடவில்லை. பெட்டியை விற்கும்படி மட்டும் நாம் சொல்லமாட்டோம் என்று கூறிவிட்டு எழுந்தோம். மறுநாள் பரணில் ஏறி, அத்தாவின் குழாயை இறக்கித் துடைத்தோம். கீறிய டயாஃப்ரம் உள்ளேயே இருந்தது. அதை மாற்றவில்லை. அமைப்பு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, அடுத்த ஞாயிறு அதையும் மாமல்லபுரத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருக்கிறான் மருமகன்.