ஆணியும் மரையும்

பெரியவை பலவும் சிறியவற்றால் தாங்கப்பட்டே நிற்கின்றன. வினைத்திட்பம் பற்றிப் பேசவந்த வள்ளுவப் பெருந்தகை, உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்று எடுத்துரைப்பதற்குத் தேரின் அச்சாணியையே உவமையாகக் கொண்டார். தேர் போய்ச் சைக்கிள் வந்த காலத்திலும் அந்த உண்மை மாறவில்லை. ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள ஓர் ஆணி முறிந்தால், பெருவிலை கொடுத்து வாங்கிய பந்தயச் சைக்கிளும் அசையாது நின்றுவிடும். கடையிலே நாம் 'போல்ட்' என்று கேட்டு வாங்குகின்ற அந்த மரையாணியைப் பற்றியே இம்மலரில் சில சொல்ல விழைகின்றோம். மாணவச் செல்வங்களே, இதிலே கணிதமும் உண்டு, வரலாறும் உண்டு. பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

நீச்சல், சைக்கிள் ஓட்டம், கால் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டியை ட்ரையத்லன் என்பர். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அப்பெயரில் ஒரு போட்டி நடந்தது. இன்றைய விளையாட்டின் தொடக்கமாக அதனையே கருதுகின்றனர். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் நாம் புகுந்த நாடாகிய கனடாவின் சைமன் விற்பீல்ட். 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீற்றர் ஓடவேண்டிய அப்போட்டியில், அவர் சைக்கிள் விபத்தொன்றில் அகப்பட்டுப் பின்தங்கினார். பின்னர் ஓட்டத்திலே ஒருவர்பின் ஒருவராக முந்திச் சென்று முதலிடம் பெற்றார்.

எமது தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவி ஒருத்தி, சென்ற கோடையில் இவ்விளையாட்டின் குறுந்தூரப் போட்டியொன்றில் பெயர் பதிந்திருந்தாள். வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதிக்கு அண்மையிலுள்ள அடுக்குமாடி ஒன்றில் வசிப்பவள். உயர்மின் கம்பிகளின் கீழாகச் செல்லும் பாதையிலே அவள் அதிகாலையில் சைக்கிள் மிதித்துச் செல்வதை, பேருந்துக்குக் காத்து நிற்கையில் நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய பந்தயச் சைக்கிள் அது. தந்தையார் உலோகத் தொழிற்சாலை ஒன்றில் கடைச்சல் இயந்திரத்தில் இரவுநேர வேலை செய்பவர். அவர் வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை பாடசாலைக்குப் புறப்படுவாள். அவள் திரும்பும் நேரத்தில் அவர் உறக்கத்தில் இருப்பார். இந்நகரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் நடைமுறை இதுவே.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்து நாம் வெளியே வந்தபோது தந்தையார் வாசலில் நின்றார். சைக்கிளின் ஆசனத் தண்டை இறுகப் பிடிக்கும் ஆணியின் தலை அவருடைய உள்ளங்கையில் இருந்தது. உடல் சட்டத்தின் உள்ளேயே தங்கிவிட்டது. நாளைக்கு ஓடுகின்ற சைக்கிள், எதற்கும் ஒருமுறை நன்றாக இறுக்கிவிடுவோம் என்றெண்ணி, சாவியின் நுனியிலே குழாய்த் துண்டொன்றைச் செருகி முறுக்கியிருக்கின்றார். சைக்கிள் கடையிலே கேட்டதற்குப் புதன்கிழமைக்கு முன்னர் இயலாது என்று கூறிவிட்டார்களாம். பிள்ளை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். 'உங்களை ஆர் தொடச் சொன்னது?' என்பதே அதன் பொருள். தந்தையார் மறுமொழி கூறவில்லை. அவள் சற்று விலகியதும் எம்மிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "பயத்திலை இறுக்கிப் போட்டன், மாஸ்ரர். வேகமா ஓடேக்கை சீற் இறங்கினால் பிள்ளை விழுந்திடுவாள் எல்லோ."

அன்பினால் இறுக்கிய ஆணி ஏன் முறிந்தது? மரையாணியை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கின்றது. நீண்ட சுருள்வில் மீளத் துடிப்பதைப் போல அதுவும் மீள முயல்கின்றது. அந்த இழுவிசையாலேயே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கின்றது. ஓர் எல்லைக்குள் நீட்டினால், தளர்த்தியதும் பழைய நீளத்தை அடையும். எல்லையைக் கடந்தால் பழைய நிலைக்கு மீளாது. மேலும் முறுக்கினால் அறுந்துபோகும்.

அச்சைக்கிளின் சட்டத்தில், ஆணிக்கு அருகே, 5 நியூற்றன் மீற்றர் என்று நுண்ணிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. 10 சென்ரிமீற்றர் நீளமான சாவியின் நுனியில் ஏறத்தாழ 5 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்குவிசை அவ்வளவே. அச்சாவியைக் குழாயினால் 25 சென்ரிமீற்றராக நீட்டினால், அதே கைவலு இரண்டரை மடங்காகப் பெருகும். நெம்புகோலின் விதி எவருடைய அன்புக்கும் விலக்களிப்பதில்லை. போதாக்குறைக்கு, மாதக்கணக்காகச் சிந்திய வியர்வையின் உப்பு மரைக்குள் இறங்கி, உருக்கு ஆணியையும் அலுமினியச் சட்டத்தையும் ஒன்றோடொன்று பற்றவைத்திருந்தது.

மரை என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்கலாம். ஆணியின் உடலிலும், அது நுழையும் துளையின் உட்சுவரிலும் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிகளே மரை. புத்தி தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்று ஊரிலே கேலி செய்வதும் இதனைக் கொண்டுதான். அதன் அருமையை எமக்குக் கற்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சைக்கிள் திருத்துநர் ஒருவர். 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் உட்படப் பல பொருட்கள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் நாம் மாணவராக இருந்தோம். சந்தைக்குப் போன வாழைக்குலையும் வைத்தியசாலைக்குப் போன நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயரத் தொடங்கிய அந்த இரவிலும், எடுத்துச் செல்லக் கூடியதெல்லாம் சைக்கிளின் கரியரிலேதான் ஏறியது.

எமது சந்தியிலே வேப்பமரத்தின் கீழ் இருந்து சைக்கிள் திருத்திய அம்முதியவர், பழைய பால்மா ரின் ஒன்றில் கழற்றிய ஆணிகளைச் சேர்த்து வைத்திருந்தார். முறிந்த ஆணியை எவரேனும் அவசரப்பட்டு அடித்துக் கழற்ற முற்பட்டால் கையைத் தட்டிவிடுவார். "தம்பி, ஆணி போனால் வேறை ஆணி போடலாம். சைக்கிளிலை இருக்கிற மரை போனால் எந்த ஆணியும் நிக்காது" என்பார். மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களிலும் இரண்டு துளி விட்டு, ஊறும்வரை பேசாது காத்திருப்பார். அவரிடம் கற்ற பொறுமை, பிற்காலத்தில் நாம் ஆசிரியராகி வகுப்பறையில் நின்றபோதும் பயன்பட்டது.

அந்த வார்த்தைகளைத் தந்தையாரிடம் சொன்னோம். அவர் முகம் தெளிந்தது. "அது தானே மாஸ்ரர் எங்கடை வேலை" என்றார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாகனங்கள் நிறுத்துமிடத்திலே அவருடைய ஆயுதப் பெட்டி திறக்கப்பட்டது. ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். பிள்ளை கைவிளக்கைப் பிடித்தாள். அவர் முறிந்த ஆணியின் நடுமையத்தில் கூர்முனையால் ஒரு சிறு குழி பதித்தார். பின்னர் இடப்பக்கமாகச் சுழன்று வெட்டும் 3 மில்லிமீற்றர் துளையலகைப் பூட்டினார். வழமையான அலகு வலப்பக்கமாகச் சுழலும். அதனால் ஆணி மேலும் உள்ளே செல்லக்கூடும். இதுவோ ஆணி கழலும் திசையிலேயே சுழல்வது. தலை அறுந்ததால் ஆணியின் இழுவிசை ஏற்கெனவே நீங்கிவிட்டது. பற்றிப் பிடித்திருந்தது உப்பும் துருவும் மட்டுமே. அலகு உலோகத்தில் பதிந்து சற்று நேரத்தில், முறிந்த துண்டு தானாகவே சுழன்று வெளியே வரத் தொடங்கியது.

"சேர், மரைக்கு ஒண்டும் நடக்கேல்லையா?" என்று பிள்ளை எம்மைக் கேட்டாள். நாம் தந்தையாரைக் காட்டினோம். அவர் விளக்கைத் துளைக்கு நேரே பிடிக்கச் சொன்னார். "உள்ளை பார் பிள்ளை. வரி வரியாத் தெரியுதோ? ஒரு சுத்துச் சுத்தினால் ஆணி 0.8 மில்லிமீற்றர் முன்னுக்குப் போகும். ஒரு வரியும் உடையேல்லை." தந்தையின் தொழில் எது என்று அவள் அறிவாள். அத்தொழிலை அவர் கைகள் செய்வதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள்.

மாற்று ஆணியொன்று அவருடைய பெட்டியிலேயே இருந்தது. எங்கோ உருவாக்கப்பட்ட ஆணி, வேறெங்கோ செய்யப்பட்ட சட்டத்தில் எவ்வாறு பொருந்துகின்றது? ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டியது. ஒன்றின் ஆணி மற்றொன்றில் ஏறாது. 1841 ஆம் ஆண்டு ஆங்கிலப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த், எல்லோரும் ஒரே அளவு மரையைக் கைக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிந்தார். பின்னர் மெற்றிக் அளவுகள் வந்தன. ஒன்ராறியோவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இங்கே வீட்டு வேலைகளில் நாம் காணும் சதுரத் துளைத் தலையுள்ள திருகாணியை உருவாக்கிய பீற்றர் றொபேட்சன், 1908 ஆம் ஆண்டில் மில்ற்றன் நகரிலே தமது தொழிற்சாலையை நிறுவினார். முன்பின் அறியாதவர்கள் ஒரே மரைக்கு உடன்பட்டமையால்தான் உலகின் பொறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளையும் யாழ்ப்பாணத்திலுள்ள பேர்த்தியாரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதும் பொதுவான ஒரு மரையினாலேயே. அதற்குத் தமிழ் என்று பெயர்.

புதிய ஆணியைப் பூட்டத் தந்தையார் கையெடுத்தபோது பிள்ளை தடுத்தாள். "அப்பா, நான் போடுறன். நாளைக்கு உடைஞ்சால் நான்தானே செய்யவேணும்" என்றாள். அவள் சொன்னது சரியே. போட்டி நடக்கும்போது வெளியாரின் உதவியுடன் சைக்கிளைத் திருத்தலாகாது என்பது ட்ரையத்லன் விதி.

இவ்விதிக்கு ஒத்த பழங்கதையொன்று சைக்கிள் பந்தய வரலாற்றில் உண்டு. 1913 ஆம் ஆண்டின் ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், ரூர்மலே மலைச்சரிவில் இறங்குகையில் யூஜேன் கிறிஸ்தோப் என்பவரின் சைக்கிளின் முன்கவை முறிந்தது. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, மலையடிவாரக் கிராமத்துக் கொல்லுலையை அடைந்தார். பிறர் உதவி கூடாது என்ற விதிப்படி, அதிகாரிகள் பார்த்து நிற்க, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து மணிக்கணக்காக உழைத்துக் கவையைச் செப்பனிட்டார். உலையின் துருத்தியை ஊதுவதற்கு ஒரு சிறுவனின் உதவியைப் பெற்றமைக்காக அவருக்குத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் வெற்றி அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் பந்தயத்தைக் கைவிடாது இறுதிவரை ஓடி முடித்தார். இன்று ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அவ்வூரில் அவர் நினைவு போற்றப்படுகின்றது.

தந்தையார் விலகி நின்று சொல்லிக்கொடுத்தார். முதலில் மரைக்குச் சிறிது கிறீஸ் பூசச் சொன்னார். "முதல் ரெண்டு மூண்டு சுத்து விரலாலை போடு. விரலுக்கு ஏறாட்டில் கோணலா நிக்குது எண்டு அர்த்தம். கழட்டிப்போட்டுத் திரும்பப் போடு. சாவியாலை தொடங்கினால் மரையைத் திண்டுபோடும்." அவள் விரலால் சுற்றினாள். மூன்றாம் சுற்றின் பின்னரே சாவியை எடுத்தாள். சைக்கிளோடு வந்த, முறுக்குவிசையை அளக்கும் சாவியொன்று அவளிடம் இருந்தது. 5 என்ற இலக்கத்தில் வைத்து மெல்லத் திருகினாள். 'டிக்' என்ற ஒலி கேட்டதும் நிறுத்தினாள். தந்தையாரின் கை இன்னும் ஒருமுறை இறுக்கத் துடித்ததை நாம் கண்டோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஞாயிறன்று ஒன்ராறியோ ஏரிக்கரையில் தந்தையாரும் நின்றார். பிள்ளை பதக்கம் எதுவும் பெறவில்லை. நடுவிலே ஓரிடம் பெற்றாள். ஆசனம் அசையவில்லை. அடுத்த சனிக்கிழமை நாம் கொடுத்த கட்டுரைப் பயிற்சியில் மரை, கடைச்சல், துருத்தி, கூர்முனை என்னும் சொற்களைப் பிழையற எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்றேனும் எமது பாடநூலில் இல்லை. துருத்தியின் கதையைத் தந்தைக்குத் தானே எடுத்துச் சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, நல்ல உருக்கு ஆணிகளின் தலையிலே 8.8 என்பது போன்ற இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு இழுவிசையைத் தாங்கும், எங்கே மீளாத நிலையை அடையும் என்பதை அவ்விலக்கங்களே கூறிவிடும். எம் பிள்ளைகளின் தலையெழுத்தை அவ்வாறு வாசிக்க எவராலும் இயலாது. பரீட்சை, சங்கீதம், நடனம், நீச்சல், தமிழ் என்று ஒவ்வொன்றாக நாம் இறுக்குவதெல்லாம் அவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்னும் அச்சத்தினால்தான். எந்த அளவில் நிறுத்துவது என்பதை அருகிருந்து பார்த்தே அறியவேண்டும். அகதிகளாக வந்த எமக்குத் தொழில் போயிற்று, வீடு போயிற்று. அவற்றுக்கு மாற்று ஆணிகளை இந்நாட்டிலே தேடிக்கொண்டோம். பெற்றோரும் பிள்ளையும் பேசிக்கொள்ளும் மொழி எம்முள்ளே இருக்கும் மரை. அதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது.

ஆகவே, தமிழையும் விரலால் தொடங்குவோம். உங்கள் தொழிலின் சொற்களை, சமையலறையின் சொற்களை, ஆயுதப் பெட்டியின் சொற்களை ஒவ்வொரு சுற்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கோணலாக ஏறினால் கோபியாது கழற்றி மீண்டும் வையுங்கள். சாவியை எடுத்து முறையாக இறுக்கும் பணியைச் சனிக்கிழமைகளில் நாம் பார்த்துக்கொள்கின்றோம்.