டூல்ஸ் பெட்டி நோட்டிலிருந்து

வைகாசி, இரண்டாம் வாரம். கரும்புக் கட்டை பேர்க்கிற உழவு. அடுத்து மஞ்சள் போடப் போகிற தோட்டம். இரண்டு கொழு ரிவர்சிபிள் கலப்பை. காலை பத்து மணிக்குள் மூன்று முறை ஹைட்ராலிக் ஓஸ் மாட்டுகிற கப்ளர் கழன்றுவிட்டது. முதல் முறை வண்டியில் இருந்த தம்பியைத் திட்டினேன். இரண்டாம் முறை கப்ளர் செய்தவனைத் திட்டினேன். மூன்றாம் முறை தோட்டத்துக்காரர் வரப்பில் குத்தவைத்துக்கொண்டு, "ஏனுங்க, இப்ப மணி ஓடிட்டிருக்குதுங்களா, நின்னுட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார். வாடகை உழவுக்குப் போகிறவனுக்கு இதைவிடக் கூரான கேள்வி கிடையாது.

*

அன்று மதியம் சாப்பாட்டுக்கு முன் வேடிக்கை பார்த்தேன். வேலை என்றால் அதுதான் அன்று செய்த வேலை. தம்பியை வண்டியில் ஏற்றி, நான் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, "மெதுவாத் தூக்கு. நிறுத்து. புரட்டு. இறக்கு" என்றேன். கலப்பை மேலே வரும்போது இரண்டு ஓஸும் தொய்ந்து வளையமாகின்றன. ஒரு வளையம் லிஃப்ட் கைக்கும் டாப் லிங்குக்கும் நடுவே போய் விழுகிறது. இறக்கும்போது கை அந்த வளையத்தைக் கவ்விக்கொண்டு கீழே போகிறது. ஓஸ் விறைக்கிறது. டக். எண்ணெய் இரண்டு கரண்டி மண்ணில்.

எத்தனை முறை கண் முன்னால் நடந்திருக்கும்! டிரைவர் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால் கழன்ற பிறகுதான் தெரியும். கழலுகிற கணம் பக்கவாட்டில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

*

கப்ளர் ஏன் கழன்றது என்றால், கழலத்தான் செய்திருக்கிறார்கள்.

பழைய கப்ளர் ஒன்றைத் தினத்தாள் விரித்துப் பிரித்துப் பார்த்தேன். டிராக்டரில் இருக்கிற பெண் பாகத்துக்குள் சுற்றிலும் எஃகுக் குண்டுகள், இதில் எட்டு. ஓஸ் முனையில் இருக்கிற ஆண் பாகத்தில் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. உள்ளே தள்ளியதும் குண்டுகள் பள்ளத்தில் இறங்குகின்றன. வெளியே இருக்கிற காலர் அவற்றை மேலே எழும்ப விடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. காலர் நகர்ந்தால் குண்டுகளுக்கு விடுதலை. பிடிமானம் முழுவதும் இவ்வளவுதான்.

என் வண்டியில் அந்தக் காலரை ஒரு தகட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். காலர் அசையாது. ஓஸை வெடுக்கென்று இழுத்தால் கப்ளரின் உடல் மட்டும் முன்னால் வரும்; கணக்குப்படி காலர் பின்னால் போனதற்குச் சமம். கழன்றுவிடும். கலப்பையைக் கழற்றிவிட்டு ஓஸை மறந்து வண்டியை எடுக்கிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த ஆளுக்காக வைத்த ஏற்பாடு இது. ஓஸ் அறுந்து, வால்வு உடைந்து, நூறு லிட்டர் பிரச்சினை ஆவதற்குப் பதில் இரண்டு கரண்டி எண்ணெயோடு போகட்டும் என்று.

ஆக, காலையில் நான் திட்டிய கப்ளர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

*

எண்ணெயின் போக்கை மாற்றுகிற டி.சி. வால்வைத் தனியாக வாங்கி மாட்டி இருக்கிற வண்டிகளில் கதை வேறு. பெரும்பாலும் கப்ளரை நேராக வால்வில் முறுக்கி விட்டுவிடுகிறார்கள். தகடு இல்லை, காலர் சும்மா இருக்கிறது. இதில் ஓஸை இழுத்தால் கழலாது. இழுக்க இழுக்க இறுகும். ஓஸ் பிய்யும், அல்லது வால்வின் மரை போகும். ஆனால் எதுவாவது காலரைப் பின்னுக்குத் தள்ளினால் சட்டென்று கழலும். மச்சான் வண்டியில் அப்படித்தான்: பக்கத்து ஓஸ் வளைந்து இதன் காலர் மேல் படுத்துக்கொண்டிருந்தது. புரட்டும்போது எண்ணெய் ஏறி அந்த ஓஸ் துள்ளும். துள்ளும்போதெல்லாம் காலரைக் கொஞ்சம் தள்ளும். பத்து முறை தள்ளி பதினோராவது முறை வென்றுவிட்டது.

உங்கள் வண்டியில் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். மருந்து அதைப் பொறுத்தது.

*

கட்டுக்கம்பி.

எங்கள் பக்கம் பாதி வண்டிகளில் கப்ளர் மேல் கட்டுக்கம்பி சுற்றியிருக்கும். கப்ளரையும் ஓஸ் முனையையும் சேர்த்து, முறுக்கி, பிளையரால் வாலைத் திருகி. நானும் சுற்றியிருக்கிறேன். கழலாது, உண்மை. அந்த வருடம்தான் டிப்பர் பெட்டியின் பின்னை உருவிவிட்டு ஓஸை மறந்து வண்டியை எடுத்தேன். கப்ளர் கழலவில்லை. கம்பி பிடித்துக்கொண்டது. ஓஸும் பிடித்துக்கொண்டது. வால்வின் மூக்கு உடைந்து வந்தது. கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய் ஓடுகிற வண்டி. களத்து மேட்டில் கொட்டியதை நிறுத்த என்ஜினை அணைப்பதற்குள் கால் செருப்பு வழுக்க ஆரம்பித்துவிட்டது.

கட்ட வேண்டிய இடம் ஓஸ். கப்ளரை அதன் போக்கில் விட வேண்டும்.

*

ஓஸை எப்படிக் கட்டினேன் என்று எழுதி வைக்கிறேன், அடுத்த சீசனில் மறந்துவிடும்.

டாப் லிங்க் மேல் முக்கால் அடிக்கு ஒரு கம்பி நிறுத்தினேன். அதன் நுனியில் ஒரு நீள ஸ்பிரிங். இரண்டு ஓஸையும் பழைய சைக்கிள் டியூப்பால் சேர்த்துக் கட்டி அந்த ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன். கலப்பை மேலே வந்தால் தொய்வை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது, இறங்கினால் விட்டுக்கொடுக்கிறது. வளையம் இப்போது மேல்நோக்கி நிற்கிறது. கையின் பக்கமே போவதில்லை. டியூப்பை இறுக்கிக் கட்டக் கூடாது, ஓஸ் அதற்குள் வழுக்கி ஓட வேண்டும். பிளாஸ்டிக் டேக் போட்டுப் பார்த்தேன். ஓஸின் தோலை அறுக்கிறது.

கப்ளரிலிருந்து முதல் அரை அடி ஓஸ் நேராக வர வேண்டும். அங்கேயே மடிந்தால் எத்தனை தடவை மாட்டினாலும் அது கப்ளரை நெம்பிக்கொண்டே இருக்கும்.

*

கோபியில் ஓஸ் அழுத்திக் கொடுக்கிற கடை. "எத்தனை அடிங்ணா?" என்றார் கடைக்காரர். பழைய ஓஸை நீட்டினேன். "பழசு நீளம் பத்தாமத்தானுங்களே கழலுது? அதே நீளத்துல போட்டா அதே மாதிரித்தான் கழலும்." இதற்குப் பிறகு அவர் சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அழுத்தம் ஏறினால் ஓஸின் நீளம் மாறும். இரண்டு சதம் நீளலாம், நான்கு சதம் சுருங்கலாம். இரண்டு மீட்டர் ஓஸ் என்றால் 8 சென்டிமீட்டர் வரை சுருக்கம். நிறுத்தின வண்டியில் அளந்து, "சரியா இருக்குது" என்று வாங்கினால், லிவரைத் தள்ளியதும் அது சரியாக இருக்காது. அளக்க வேண்டியது கலப்பை முழுக்கத் தூக்கியபோதும், முழுக்க இறக்கியபோதும், பாதி புரண்டபோதும். மூன்றில் எது அதிகமோ அது, அதற்கு மேல் ஒரு சாண்.

அதற்காக அளவில்லாமல் நீட்டினால் மறுபடி லிஃப்ட் கைக்குத் தீனி.

அரை அங்குலம், இரட்டைக் கம்பி வலை ஓஸ் 18 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளையக் கூடாது. பெரிய தோசைக்கல்லைவிடச் சின்ன வட்டமாக மடியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓஸ் மேல் நீளவாக்கில் எழுத்து அச்சடித்திருக்கும். மாட்டிய பிறகு அந்த எழுத்து கொடி மாதிரிச் சுற்றிக்கொண்டு போனால் ஓஸ் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் வரும்போதெல்லாம் அது முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும்; முனையில் இருக்கிற நட்டும் கூடவே தளரும். கப்ளர் கெட்டியாக இருக்க, அதற்குப் பின்னால் மரை கழன்று வந்த ஓஸை அவர் கடையிலேயே காட்டினார்.

*

அரைகுறையாக ஏறிய கப்ளர்தான் மோசம். ஏறின மாதிரியே இருக்கும்.

வெயிலில் கிடந்த கலப்பையை மாட்டப் போனால் ஓஸ் முனை உள்ளே போகாது. உள்ளே அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து, முனையில் இருக்கிற வால்வை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நம் ஆட்கள் உடனே சுத்தியலைத் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் கல். இரண்டு அடியில் முனை சப்பையாகிவிடும், அதற்கப்புறம் எந்த நாளும் அது முழுக்க உட்காராது.

கழற்றும்போதே இதை முடித்துவிடலாம். கலப்பையைத் தரையில் வைத்து, என்ஜினை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் நாலு தடவை தள்ளிவிட்டுக் கழற்றினால் அழுத்தம் போய்விடும். பிறகு கலப்பையை நிழலில் போட்டால் இன்னும் நல்லது. மாட்டும்போது "டக்" கேட்க வேண்டும்; கேட்ட பிறகும் ஓஸைக் கையால் ஒரு இழு. பள்ளத்தில் மண் இருந்தால் குண்டு முழுக்க இறங்காது. துணியால் துடைக்க அரை நிமிஷம்.

*

டிராக்டருக்குப் பின்னால் ஓஸே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஹாரி பெர்குசன் 1936-இல் டேவிட் பிரவுனோடு சேர்ந்து விற்ற டிராக்டரில் கலப்பை மூன்று இடத்தில் மாட்டிக்கொள்ளும், தூக்குவது வண்டியின் வயிற்றுக்குள்ளேயே. இன்றும் ஒன்பது கொத்துக் கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் ஓஸ் வேண்டாம். பெரியப்பா காலத்து மாஸி பெர்குசனில் கழலுவதற்கு எதுவுமே இல்லை. அவருக்கு என் கஷ்டம் புரியாது. "கலப்பைக்கு எதுக்குடா குழாய்?" என்பார்.

*

ஒன்று மாட்டி ஒன்று கழன்ற நிலை. தம்பிக்கு இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

புரட்டுகிற ஜாக்கிக்கு இரண்டு ஓஸ். ஒன்றில் எண்ணெய் போகும், மற்றதில் திரும்பும். திரும்புகிற ஓஸ் கழன்றிருந்தால் அதன் முனை தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய்க்கு வழி இல்லை. கலப்பை பாதியில் நிற்கும், பம்பு கத்தும். டிரைவர் என்ன செய்வார்? லிவரை இன்னும் அழுத்திப் பிடிப்பார். என் ஜாக்கி உள்விட்டம் 63 மில்லி, தண்டு 36 மில்லி. தண்டு இருக்கிற பக்கம் பரப்பு குறைவு என்பதால், மறுபக்கம் 180 பார் தள்ளினால் இங்கே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, 270 பார் வரை ஏறும். இரட்டை வலை அரை அங்குல ஓஸுக்கே அனுமதி 275 பார். விலை குறைவு என்று ஒற்றை வலை போட்டவர்களுக்கு 160 தான்.

பம்பு கத்தினால் லிவரை விடு. எழுதி மட்கார்டில் ஒட்டியிருக்கிறேன்.

*

டிப்பர் பெட்டி மேலே நிற்கும்போது ஓஸ் கழன்றால் பெட்டி மேலேயே நிற்கும். கீழே இறக்க வழி தெரியாமல் நட்டைத் தளர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் பீய்ச்சும், பெட்டி வரும். அடியில் முட்டுக் கொடுக்காமல், யாரும் எதற்காகவும், ஒரு கையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது. முட்டுக் கொடுத்துவிட்டுக் கப்ளரைத் துடைத்து மாட்ட முடிந்தால் லிவரிலேயே இறக்கிவிடலாம். பாதி ஏறிய கப்ளராலும் பெட்டி இறங்காமல் நிற்பதுண்டு, அதையும் முதலில் பார்க்கவும்.

*

கசிவை விரலால் தடவித் தேடாதே. அட்டைத் துண்டைக் காட்டு. ஊசித் துளை வழியாக வருகிற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி, முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கிவிடும். அறுவை மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போய், அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

*

சின்னச் சின்னது: ஜோடிக்குச் சிவப்பு, நீல டேப். ரப்பர் மூடி தொலையாமல் நூலில் கட்டியது. கழற்றிய ஓஸ் முனை கலப்பைக் கொழு மேல் அல்ல, மேலே கொக்கியில். குண்டு தேய்ந்த கப்ளரை ஆட்டினால் ஆடும், ஆடினால் மாற்று.

*

ஆனி. அதே தோட்டத்துக்காரரின் இன்னொரு காடு. ஸ்பிரிங் கட்டிய பிறகு ஐந்து நாள் உழவு, ஒரு முறைகூடக் கழலவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கலப்பையைக் கழற்றும்போது தம்பி ஓஸை மறந்து வண்டியை எடுத்தான். டக். இரண்டு கரண்டி எண்ணெய். துடைத்து மூடி போட்டோம்.

இதைப் படிக்கிறவர் வண்டியில் கப்ளர் மேல் கட்டுக்கம்பி இருந்தால், நாளைக் காலை சாவி போடுவதற்கு முன் அதை வெட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று ஒரு தடவை தூக்கிப் புரட்டச் சொல்லிப் பாருங்கள்.