மூன்று சுழி ண

கடுகண்ணாவை ஏற்றத்தில் டோசன் கோபுரத்தைத் தாண்டி பஸ் நின்றபோது மழை விட்டிருந்தது. 1832இல் கட்டிய அந்தக் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் வந்தது பெயர்ப்பலகை எழுதும் ஒருவரைப் பார்க்க. ஊருக்கே அவர் நானா. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அவர் கைக்குப் பழக்கம்.

அன்று நகைக்கடைப் பலகை. கறுப்பு எனாமல் காய்ந்திருந்தது. நூலில் சோக்குத்தூள் தேய்த்து, இழுத்துப் பிடித்துச் சுண்டினார். மேலும் கீழுமாக இரண்டு வெள்ளைக் கோடு. நடுவே ஊர்ப்பெயர்.

தட்டைப் பிரஷைக் கீழ்நோக்கி இழுத்தால் பட்டையாக விழுகிறது. திருப்பாமல் பக்கவாட்டில் ஓட்டினால் நூலிழை. க, டு, க என்று கை தடங்கலின்றி ஓடியது. ‘ண’ வந்ததும் நின்றது. மூன்று சுழி. ஒன்றில் பெயின்ட் அடைத்துக்கொண்டாலும் தூரத்திலிருந்து ‘ன’ ஆகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுழியின் மேல்வளைவையும் மெலியவிட்டார். புள்ளி கடைசியில். “தடிச்ச கோட்டு அளவுக்குப் புள்ளி இருக்கணும், தம்பி. சின்னதா வெச்சா மழைத்துளி தெறிச்ச மாதிரி தெரியும்.”

தடிப்பும் மெலிவும் இப்படி எட்ட நிற்கும் எழுத்து ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. அதை வார்த்த அச்சுக்காரர்கள் பாரிஸில் டிடோ குடும்பம், இத்தாலியின் பார்மாவில் பொடோனி. வழவழப்பான தாளும் நல்ல மையும் இருந்ததால்தான் மயிரிழைக் கோடு அச்சில் உடையாமல் நின்றது. வோக், ஹார்ப்பர்ஸ் பஜார் சஞ்சிகைகளின் அட்டைப்பெயர் அந்த வம்சம்தான்.

நம் எழுத்து வந்த வழி வேறு. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு முழுக்க ஒரே கனம். புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ரோமன் எழுத்தில் நிமிர்ந்த கோடுகள் நிறைய. அவற்றைத் தடிப்பாக்கினாலே மிடுக்கு வந்துவிடும். தமிழில் வளைவுதான் எழுத்து. எங்கே மெலிவது என்பதை எழுத்துக்கு எழுத்து யோசிக்க வேண்டும். கணினி எழுத்துருக்கள் பலவற்றில் அந்த யோசனையைக் காணோம். ஆங்கிலத்தின் தடிப்பை அப்படியே தூக்கி நம் எழுத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் தீராத மனத்தாங்கல்.

“எல்லாப் பலகையும் இப்படித்தான் எழுதுவீங்களா, நானா?”

“நகைக்கடை, புடவைக்கடை, கலியாண வாசல். அவ்வளவுதான். பஸ் போர்டுல எழுதினா ஓடுற பஸ்ல பாதி எழுத்துதான் தெரியும்.”

எங்கள் அக்காவின் கலியாண அழைப்பிதழ் நினைவுக்கு வந்தது. பெயர்கள் பெரிய எழுத்தில் அவ்வளவு அழகு. மண்டப முகவரியையும் அதே எழுத்தில் பொடியாக அடித்திருந்தார்கள். மெல்லிய கோடெல்லாம் தாளில் கரைந்து, தாத்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

‘வை’ முடிந்தது. நானா ரோட்டைக் கடந்து எதிர்க்கடை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, ‘ண’வின் நடுச்சுழியில் மேல்கோட்டை மட்டும் ஓர் இழை தடிப்பாக்கினார்.